முறுக்கோடு ஒரு 'ங்க'

கேள்வி: 'கை முறுக்கு எவ்வளவுங்க?' என்று கடையில் கேட்டால் எங்கள் சென்னை மாப்பிள்ளை சிரிக்கிறார். விலைக்கு எதற்கு 'ங்க'? — ஒரு வாசகர், ஆட்டையாம்பட்டி

பதில்: அந்த மரியாதை விலைக்கு அல்ல, விற்பவருக்கு!

'வாருங்கள்' பேச்சில் 'வாங்க' ஆனதைத் தமிழர் எல்லோரும் அறிவர். சேலம், நாமக்கல், கோவைப் பக்கம் அந்த 'ங்க'வை வினைச்சொல்லோடு நிறுத்துவதில்லை. 'ஆமாங்க', 'எப்பங்க', 'நாளைக்குங்க' என்று எந்தச் சொல்லின் வாலிலும் ஏற்றிவிடுவார்கள். எதிரே நிற்பவர் ஒருவர்தான். பன்மை விகுதி அவரைப் பலராக்கி உயர்த்துகிறது. பிரெஞ்சுக்காரர் 'வூ' என்று பன்மையில் விளிப்பதும் இதே வழிதான். ஆனால் அவர்களின் 'ஆமாம்' என்ற சொல்லில் பன்மை ஏறாது.

பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் பேச்சு மரியாதை பற்றி எழுதி 1978-இல் வெளியான ஆய்வு, 1987-இல் தனி நூலானது. அதற்கு அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் த்செல்தால், கோவை மாவட்டக் கிராமத்துத் தமிழ். மாப்பிள்ளை சிரிக்கும் பேச்சு உலக மொழியியலுக்குப் பாடமாகியிருக்கிறது.

இந்த 'ங்க'வின் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நரைத்த பண்ணையாளைப் பண்ணைக்காரரின் சிறுவன் 'வாடா' என்பான். பெரியவர் திருப்பி 'சரிங்க' என்பார். வயதைச் சாதி விழுங்கிய காலம் அது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

அடுத்த முறை மாப்பிள்ளையையும் கடைக்கு அழைத்துப் போங்கள். மாவுக் கையோடு நிமிர்ந்து, "மாப்பிள்ளைங்களா? வாங்க, உக்காருங்க" என்று முறுக்கு சுற்றும் அம்மா சொல்லும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.