ஆறை அஞ்சு என்று சொல்

ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்தது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அதற்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு. அரை நூற்றாண்டாகியும் ‘அப்டேட் செய்து ரீஸ்டார்ட் பண்ணு’ என்று அதன் கண்ணாடியை யாரும் மிரட்டியதில்லை.

அந்த யோகமெல்லாம் படத்தை அலசும் கம்ப்யூட்டருக்குத்தான். உலகெங்கும் வானியலாளர்கள் நம்பியிருந்த ஐராஃப் என்ற மென்பொருள், 1980-களின் சரக்கு. லினக்ஸைப் புதுப்பித்த மறுநாள் ஐராஃபின் படம் வரையும் ஜன்னல், எக்ஸ்ஜிடெர்ம், திறக்காது: ‘லிப்என்கர்சஸ் 5’ என்ற லைப்ரரியைக் காணோமாம். வீட்டில் 6 இருக்கிறதே என்றால் கேட்காது. அஞ்சுதான் வேணும் என்று அடம். பழைய லைப்ரரியைத் தேடிப் போடுவதுதான் முறை. பொறுமையில்லாதவர்கள் ஒரு சிம்லிங்க் போட்டு, ஆறுக்கே அஞ்சு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சில நேரம் அது நம்பியும் விடுகிறது.