கேட்டால்தான் காசு

கே: "சின்ன மாற்றம்தான், அஞ்சு நிமிஷ வேலை" என்று கிளையன்ட் தினமும் வாட்ஸ்அப் அனுப்புகிறார். எப்படி மறுப்பது? (கோவை வாசகர்)

ப: மறுக்காதீர்கள், விலை சொல்லுங்கள். உதாரணமாக, ஆப்பில் ஓடிபி சேர்ப்பது அவருக்கு ஒரு பட்டன். உங்களுக்கோ எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு, எஸ்எம்எஸ் கட்டணம், காலாவதி நேரம், டெஸ்டிங். "இது பேசிய வேலையில் இல்லை, இரண்டு நாள் ஆகும், இவ்வளவு தொகை, சம்மதமா?" என்று பதில் போடுங்கள். பாதி அவசரங்கள் அங்கேயே ஆறிவிடும்.

கே: மணிக்கணக்கா, மொத்தத் தொகையா? (மதுரை வாசகி)

ப: என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிந்தால் மொத்தத் தொகை. "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்றால் மணிக்கணக்கு. எதுவானாலும் முன்பணம் வந்த பிறகே லேப்டாப்பைத் திறங்கள். மீதியை டிசைன் ஒப்புதல், டெமோ, லைவ் என்று தவணையாகப் பிரியுங்கள். சோர்ஸ் கோடின் பதிப்புரிமை கடைசித் தவணை வந்ததும் மாறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கே: பில் அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. "ப்ராசஸ்ல இருக்கு" என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

ப: முதலில் பில்லில் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத பில் அக்கவுன்ட்ஸில் சுகமாகத் தூங்கும். அடுத்து, அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். வேலை தொடங்கும் முன்பே பதிவது நல்லது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிந்தவர்களுக்குப் பணம் தரும் கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. நினைவூட்டும் மெயிலில் இதை ஒரு வரி மரியாதையாகச் சேருங்கள். ப்ராசஸுக்குக் கால் முளைக்கும்.

கே: ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? (சேலம் வாசகர்)

ப: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். பதிவு செய்தவர்கள் வெளிநாட்டு கிளையன்டுக்கு எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்துவிட்டு வரியில்லாமல் பில் போடலாம்.

கே: நண்பனிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (நெல்லை வாசகர்)

ப: தாராளமாகத் தள்ளுபடி கொடுங்கள். ஆனால் பில்லில் முழுத் தொகையை எழுதி, அதன் கீழே தள்ளுபடியைக் காட்டுங்கள். உங்கள் உழைப்பின் விலையும் நட்பின் அளவும் அவருக்கு ஒரே தாளில் தெரியட்டும்.