ஸ்டீவ்களின் பட்டியல்

கேள்வி: பரிணாமத்தை ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்களாமே! பிறகு பள்ளியில் அதை ஏன் கற்றுத்தர வேண்டும்?

பதில்: அமெரிக்காவில் பரிணாம எதிர்ப்பாளர்கள் இப்படிச் சொல்லி ஒரு கையெழுத்துப் பட்டியலையே நீட்டினார்கள். ஓக்லாந்தில் இயங்கும் தேசிய அறிவியல் கல்வி மையம் 2003-இல் பதில் பட்டியல் போட்டது. பரிணாமத்தை ஏற்கும் விஞ்ஞானியாக இருக்க வேண்டும், பெயரும் ஸ்டீவ் என்று இருக்க வேண்டும். ஸ்டெஃபனி என்றாலும் சரி. அந்தப் பெயர்க்காரர்கள் அங்கே நூற்றுக்கு ஒருவர்தான். ஆனாலும் 1,400-க்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், ஸ்டீஃபன் ஹாக்கிங் உட்பட! அறிவியலைக் கைதூக்கி முடிவு செய்வதில்லை என்பது மையத்துக்கும் தெரியும். தலை எண்ணிக் காட்டியவர்களுக்குத் தலை எண்ணியே பதில். 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பெற்றோர் பள்ளியின் பரிணாமப் பாடத்தைக் காக்க வழக்காடி நீதிமன்றத்தில் வென்றபோதும் மையம் துணை நின்றது. 2012 முதல் பருவநிலைப் பாடத்துக்கும் காவல் நிற்கிறது. பிள்ளைகளின் பாடத்துக்காகக் கோர்ட் படியேறுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.