செல்லுக்கு அப்பன் யார்?

செல் கொள்கைக்குப் பாடப்புத்தகம் ஒதுக்குவது நாலே வரி. ஹூக் பார்த்தார், ஷ்லைடன் செடியில் கண்டார், ஷ்வான் விலங்கில் கண்டார், விர்ச்சோ வந்து முடித்துவைத்தார். என்னவோ நாலு பேரும் கூடிப் பேசி, வேலையைப் பிரித்துக்கொண்ட மாதிரி. நடந்தது பங்காளிச் சண்டை. இதில் உரிமையுள்ள ஒருவரின் பெயர் பட்டாவிலேயே ஏறவில்லை.

முதலில் ராபர்ட் ஹூக். லண்டன் ராயல் சொசைட்டியில் அவருக்கு உத்தியோகம், கூட்டம் கூடும்போதெல்லாம் பெரிய மனிதர்களுக்குப் புதிதாக எதையாவது செய்து காட்டுவது. வாரத்துக்கு வாரம் அதிசயத்துக்கு எங்கே போவது? தக்கையைப் பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். குட்டிக் குட்டி அறைகள்! ‘செல்’ என்று பெயர் வைத்தார். ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம் அறைகள் என்று கணக்கும் போட்டார். 1665-ல் அவருடைய ‘மைக்ரோகிராஃபியா’ வெளிவந்தது. சாமுவேல் பெப்பிஸ் அதை வாங்கி இரவு 2 மணிவரை தூங்காமல் படித்தார். இத்தனைக்கும் ஹூக் பார்த்தது காலி வீடு. உள்ளே குடியிருந்த சரக்கு என்றோ செத்துக் காய்ந்துவிட்டது.

உயிரோடு நீந்தியதைப் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லேவன்ஹூக். லத்தீன் தெரியாது, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மிளகு ஏன் உறைக்கிறது என்று ஒரு சந்தேகம். அதில் முள் இருக்கும், நாக்கைக் குத்தும் என்று நினைத்து மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். முள் அகப்படவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் கூட்டம் கூட்டமாக நீந்தின. 1676-ல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அங்கே யாரும் நம்பவில்லை. மனிதர் சளைக்கவில்லை, பாதிரியார் உட்பட ஊர்ப் பிரமுகர்களைக் கூப்பிட்டு, ‘ஆமாம், நாங்களும் பார்த்தோம்’ என்று எழுதி வாங்கி அனுப்பினார்.

அடுத்த வருஷம் விந்தணு. ராயல் சொசைட்டித் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அறிவியலைவிட முன்ஜாமீன்தான் அதிகம். இது பாவ காரியம் செய்து எடுத்ததல்ல, மனைவியோடு முறைப்படி கூடியபின் மிஞ்சியது. படிப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்குமென்றால் அச்சிட வேண்டாம் என்கிறார். ஆறு நாடி துடிப்பதற்குள் லென்ஸ் முன்னால் கொண்டுபோய்விட்டாராம். அந்தம்மாள் என்ன சொன்னார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

பிறகு ஒன்றரை நூற்றாண்டு கிட்டத்தட்டத் தூக்கம். 1831-ல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்லுக்குள் உட்கருவைக் காட்டியதும் ஆட்டம் சூடுபிடித்தது.

மத்தியாஸ் ஷ்லைடன் ஹாம்பர்கில் வக்கீல். தொழில் படுத்துவிட்ட துக்கத்தில் நெற்றியில் சுட்டுக்கொண்டார். அதுவும் சரியாக அமையவில்லை. பிழைத்தெழுந்து தாவரவியலுக்கு வந்தார். தியோடர் ஷ்வான் நேரெதிர்: சாது, பக்திமான். பெர்லினில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து சாப்பிடும்போது, செடியின் செல்லில் உட்கரு செய்யும் வேலையை ஷ்லைடன் அளந்தார். ‘தவளைக்குஞ்சின் முதுகுநாணில் இதே சமாசாரத்தை நான் பார்த்திருக்கிறேனே!’ என்று ஷ்வானுக்குப் பொறி தட்டியது. 1838-ல் ஒருவர் கட்டுரை, 1839-ல் மற்றவர் புத்தகம். உயிரெல்லாம் செல்லால் ஆனது என்று தீர்ப்பாயிற்று. ஷ்வான் அச்சுக்குக் கொடுக்கும்முன் கையெழுத்துப் பிரதியை பிஷப்பிடம் காட்டி ஆசி வாங்கிக்கொண்டார்.

பிஷப் விட்டாலும் வேதியியல்காரர்கள் விடுவார்களா? சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் உயிருள்ளது என்று ஷ்வான் சொல்லிவைத்திருந்தார். அதே 1839-ல் வோலரும் லீபிகும் பெயர் போடாமல் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட் ஒரு குட்டி மிருகமாம். சர்க்கரையைத் தின்று பின்பக்கம் சாராயமும் முன்பக்கம் கரியமில வாயுவும் விடுமாம்! வெளியிட்டது லீபிகே நடத்திய ஆய்விதழ். சாது மனிதர் பெல்ஜியத்துக்குப் பெட்டி கட்டிவிட்டார். ஈஸ்ட் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்பது வேறு கதை.

ஆனால் மூலக் கேள்வியில் நம் இரண்டு நாயகர்களும் கோட்டைவிட்டார்கள். புதுச் செல் எங்கிருந்து வருகிறது? திரவத்திலிருந்து கற்கண்டு படிகிற மாதிரி தானாகத் திரளும் என்றார்கள். அப்பன் இல்லாப் பிள்ளை!

இல்லை, ஒரு செல் இரண்டாகப் பிளந்துதான் இன்னொன்று பிறக்கிறது என்று கருக்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னவர் ராபர்ட் ரெமாக். யூதர். மதம் மாறினால் பிரஷ்யப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி உண்டு, மாறமாட்டேன் என்றார். 1852-ல் ரெமாக் அச்சில் சொன்னதை 1855-ல் ருடால்ஃப் விர்ச்சோ கணீரென்று லத்தீனில் முழங்கினார்: செல்லிலிருந்தே ஒவ்வொரு செல்லும். ரெமாக்கின் பெயர் மட்டும் மறந்துபோயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 1858-ல் விர்ச்சோவின் புத்தகம் வந்தது, உலகம் கைதட்டியது. ரெமாக்குக்கு அடுத்த வருஷம் துணைப் பேராசிரியர் பதவி பிச்சை போட்டார்கள். 1865-ல், 50 வயதில், செத்தார்.

போகட்டும், அந்த லத்தீன் வாக்கியமாவது விர்ச்சோவின் சொந்தச் சரக்கா? பிரான்சில் ராஸ்பாய் என்ற வேதியியல்காரர் 1825-லேயே அதைத் தம் கட்டுரையின் தலையில் பொறித்திருந்தார். அவர் அரசியல் கலகக்காரர், ஜெயிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தவர், 1848-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர். செல் கணக்கில் அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. பாரிஸில் அவர் பெயரில் நீளமான சாலையும் மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கின்றன. அவை கிடைத்தது அரசியலுக்காக.