தகரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்!

கே: வீட்டில் வைஃபை பிரமாதமாக எடுக்கிறது. கொல்லையிலுள்ள தகர ஷெட்டுக்குள் நுழைந்தால் போச்சு. மகள் அங்கேதான் உட்கார்ந்து படிக்கிறாள். இடைவெளி இருபதடிதான். என்ன சாபம் இது?
(வாசகர், சுந்தரபாண்டியம்)

ப: சாபமில்லை, இயற்பியல்! வைஃபை என்பது ரேடியோ அலை. செங்கல் சுவர் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மீதியை விடும். தகரம் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். 1836-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே 12 அடி அறை ஒன்று கட்டி, உலோகம் போர்த்தி, அதன்மேல் மின்சாரத்தைப் பாய்ச்சினார். கருவிகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றுமே எட்டவில்லை. உங்கள் ஷெட்டும் அந்த ரகம்தான். போனோடு உள்ளே நின்று கதவை மூடித் திறந்து பாருங்கள். திறந்தால் சிக்னல் ஏறி, மூடினால் இறங்கினால் குற்றவாளி தகரமே. ரவுட்டரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

கே: மாட்டுக்கொட்டகையும் தகரம்தான். சினைமாட்டைக் கவனிக்க கேமரா வைத்தேன், ரிப்பீட்டரும் வாங்கி உள்ளே மாட்டினேன். பலனில்லை.
(பால்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: தன் காதில் விழாததை ரிப்பீட்டர் எப்படித் திருப்பிச் சொல்லும்? உள்ளே போக வேண்டியது வயர். வெயில் மழை தாங்கும் கேட்-6 கேபிளை வாங்குங்கள். 100 மீட்டர் வரை போகும். கரண்ட் வயரோடு சேர்க்காமல் தனி பிவிசி பைப்பில் புதையுங்கள். கொட்டகைக்குள் அதன் முனையில் வைஃபை பரப்பும் ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் போதும். தகரத்தில் போட்ட ஓட்டையின் விளிம்பு கேபிளை அறுத்துவிடும், ரப்பர் புஷ் போடுங்கள். ஓட்டைக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே இறங்காது.

கே: பேண்டேஜ் துணி நெய்யும் ஷெட். வீட்டுக்கு ஒரு மீட்டர், தறிக்குத் தனி மீட்டர். கரண்ட் வயரிலேயே நெட் அனுப்பும் கருவி இருக்கிறதாமே?
(விசைத்தறிக்காரர், சத்திரப்பட்டி)

ப: இருக்கிறது. ஆனால் இரண்டு மீட்டர் தாண்டி ஓடும் என்று நம்பி வாங்காதீர்கள். உங்களுக்குச் செம்புக் கேபிளும் வேண்டாம். இரண்டு இணைப்புக்கும் இரண்டு எர்த். பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் எகிறும். அது கேபிள் வழியே பாய்ந்தால் இரு முனையிலும் கருவி கருகும். ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியையும் மின் சிக்னலையும் ஒன்றையொன்றாக மாற்ற, முனைக்கு ஒரு மீடியா கன்வெர்ட்டர் வேண்டும். சில ஃபைபர் கேபிள்களில் தாங்கலுக்கு எஃகுக் கம்பி ஓடும். அது இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

கே: தோப்பு மோட்டார் ஷெட் வீட்டிலிருந்து 300 மீட்டர். நடுவில் தென்னை. ஆன்டெனா வைத்தால் வேலை செய்யுமா? லைசென்ஸ் கேட்பார்களா?
(தென்னை விவசாயி, வத்திராயிருப்பு)

ப: இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் 300 மீட்டர் ஒரு தூரமே இல்லை. மறைத்தால் தென்னை ஓலையே வில்லன். ஓலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சும், காற்றில் அது ஆட ஆட சிக்னலும் ஆடும். தென்னைக்கு மேல் உயரம் கிடைக்காவிட்டால் ஃபைபர்தான் கதி. அதற்கு இந்தத் தூரம் தூசு. ஆன்டெனா வைப்பதென்றால் ஷெட்டுக்கு வெளியே வையுங்கள், அங்கிருந்து வயரை உள்ளே இறக்குங்கள். லைசென்ஸ் கவலை வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-லும், வெளிப்புற 5 கிகாஹெர்ட்ஸ் 2018-லும் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிடப்பட்டன. அரசு விதித்த சக்தி வரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவே.

கே: இத்தனையும் படிக்க நேரமில்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்!
(அவசரக்காரர், ராஜபாளையம்)

ப: ரேடியோ வெளியே நிற்கட்டும், வயர் உள்ளே போகட்டும். ஒரே கரண்ட் மீட்டர், தூரமும் 100 மீட்டருக்குள் என்றால் கேட்-6; தனி கரண்ட் மீட்டர் அல்லது அதைவிடத் தூரம் என்றால் ஃபைபர். ஐப்பசி இடிமழைக்கு முன்பே குழி வெட்டி பைப்பைப் பதித்துவிடுங்கள். படிக்கிற பிள்ளையைச் சிக்னல் தேடி வாசலில் நிற்க வைக்காதீர்கள்.