'புத்தகத்துல இப்படி இல்லை' மாமா

குடும்பத்துக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் மாமா. உங்கள் வீட்டில் பெரியப்பாவாக இருக்கலாம், அல்லது ரிட்டயராகப் போகும் ஹெட்கிளார்க்காக உங்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்றால் முதல் டிக்கெட் அவருடையதுதான். படம் பார்க்கப் போகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆடிட்டுக்குப் போகிறார்.

இந்த இனம் மொத்தமாக வெளியே வந்த நாள் 2022 செப்டம்பர் 30. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியான தினம். பல வருஷமாகத் தியேட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் மூட்டுவலித் தைலம் மணக்க மணக்கப் படியேறி வந்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் ராஷ்டிரகூடர்களோடு யுத்தம், கரிகாலனாக விக்ரம் குதிரையில் பாய்கிறார். தியேட்டரே அலறுகிறது. மாமா மட்டும் இருக்கையில் நெளிந்தார்.

"ஏரி எங்கேப்பா?"

ஏரி என்றால் வீர நாராயண ஏரி. ஆடிப்பெருக்கு நாளில் அதன் கரையோரமாக வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தான் நாவல் தொடங்கும். ஏரிக்குப் பதில் போர்க்களத்தைக் காட்டியதை மாமா கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்த தொடரை அவருடைய அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்திருந்தார். மாமா பள்ளிக்கூட வயதில் படித்தது அந்தப் பிரதியைத்தான். மணியம் வரைந்த குந்தவைதான் அவருக்குக் குந்தவை. மற்றவர்களெல்லாம் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர்கள். ஆக, மாமா மண்டைக்குள் அரை நூற்றாண்டாக ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பாகமும் முழுசாக, ஒரு வரி வெட்டில்லாமல், இன்டர்வெல் இல்லாமல். மணிரத்னத்துக்குக் கிடைத்ததோ இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். போட்டியே நியாயமில்லை.

எம்.ஜி.ஆர். எடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்பது அவர் கட்சி. எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்க நினைத்ததும், பிற்பாடு 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரனை உட்காரவைத்துத் திரைக்கதை எழுதச் சொன்னதும் உண்மைதான். எடுக்காத படத்தில் ஒரு சௌகரியம், அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

இடைவேளையில் மாமாவுக்கு அருள் வந்துவிடும். காபி வாங்க வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற காலேஜ் பையனிடம், "கரிகாலனைக் கொன்னுடுவாங்க, தெரியுமில்ல?" என்று கரிசனத்தோடு தெரிவித்தார். பையன் முகம் தொங்கிப்போயிற்று. "ஸ்பாய்லர் சொல்றீங்களே அங்கிள்" என்றான். மாமாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது நடந்து ஆயிரம் வருஷம் ஆச்சு தம்பி. உடையார்குடிக் கல்வெட்டுல வெட்டியே வெச்சிருக்காங்க. நான் என்ன புதுசாவா சொல்லிட்டேன்?"

கல்வெட்டை ஆதாரம் காட்டி ஸ்பாய்லரை நியாயப்படுத்தும் திறமை வேறெந்த தேசத்து ரசிகருக்கும் இருக்கும் என்று தோன்றவில்லை.

2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது முதல் நாளே போனார். திரும்பி வந்தவர் சாப்பிட மறுத்துவிட்டார். மணிமேகலை படத்திலேயே இல்லை. சேந்தன் அமுதனுக்குக் கிடைக்கவேண்டிய கிரீடத்தை நடிகர் ரகுமான் தலையில் வைத்துவிட்டார்கள். "யார் வீட்டுச் சொத்தை யாருக்கு எழுதிக் குடுக்கறது?" என்று அவர் கேட்டபோது, பத்திரப்பதிவு ஆபீசில் ஏமாந்து வந்தவர் குரல் அது.

"அவங்க எடுத்ததுக்கு நீங்க ஏங்க பட்டினி கெடக்கறீங்க?" என்று அத்தை ரசத்தை ஊற்றினார். மணிமேகலை விஷயத்தில் மட்டும் நான் மாமா பக்கம். நாவலின் கடைசியில் அவள் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடும் இடத்தைப் படித்துவிட்டு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தத் துக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பட்டாபிஷேகமும் வாழ்த்தொலியும்தான். இதை மாமாவிடம் சொல்லும் அசட்டுத்தனத்தை நான் செய்யவில்லை. சொன்னால் மறுபடி முதல் பாகத்தின் ஏரியிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருக்கு நேர் எதிரி அக்கா மகள். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகமும் வாங்கி, பதினைந்தே நாளில் முடித்தவள். "நல்லாத்தான் இருக்கு மாமாத் தாத்தா. ஆனா வந்தியத்தேவனா கார்த்தி பேசறதெல்லாம் இதுல கொறைச்சலா இருக்கு" என்றாள். மாமா பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாமா ஒரு குறையும் சொல்லாமல் கொண்டாடிய படம் ஒன்று இருந்தது. 'அசுரன்.' "படம்னா அது! தனுஷ் வாழ்ந்திருக்கான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இந்தப் பெண்தான் கெடுத்தாள். அது பூமணியின் 'வெக்கை' என்று பேச்சுவாக்கில் சொல்லி, புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டே நாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டு முன்னால் மாமா ஆரம்பித்தார்:

"இதுல கதையே சிதம்பரத்தோடதுப்பா. பதினஞ்சு வயசுப் பையன். அப்பன்காரனை எதுக்கு நடுவுல கொண்டுவந்து நிறுத்தினாங்க?"

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. 'விசாரணை' நல்ல படம் என்று மாமா சொல்லும்போதெல்லாம் நாங்கள் தலையை மட்டும் ஆட்டுகிறோம். 'லாக்கப்' என்று ஒரு புத்தகம் இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.