தென்னைமட்டையில் ஒரு ஒலிம்பிக்

கேள்வி: பனியே இல்லாமல் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளலாமாமே, நம்மூரில் முடியுமா?
(ஒரு வாசகர், திருக்காட்டுப்பள்ளி)

பதில்: பேஷாக முடியும், சரிவு ஒன்றுதான் பாக்கி. குடமுருட்டி பிரிகிற உங்கள் ஊரில் தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் இறங்குகிறது!

பிரிட்டனில் இதற்கென்றே செயற்கைச் சரிவுகள் உண்டு. எடின்பரோ பக்கம் ஹில்எண்டில் 1960களிலிருந்தே இருக்கிறது. மலைச்சரிவில் பிளாஸ்டிக் முட்பாயை விரித்துத் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், துணி துவைக்கிற பிரஷ்ஷை மல்லாக்கப் போட்ட மாதிரி இருக்கும். நடுவே தேன்கூட்டு ஓட்டைகள். விழுகிறவர் கட்டைவிரல் அதில் மாட்டி முறிவதுண்டு. அதனால் வெயிலானாலும் கையுறை கட்டாயம். முதல் பாடம், நிற்பது. கால்விரல் பக்கத்தைச் சேர்த்து, குதிகாலை அகட்ட வேண்டும். இதற்குப் பெயர் ‘பனிக்கலப்பை’. தஞ்சாவூர்க்காரருக்குக் கலப்பை பிடிக்கச் சொல்லித் தரணுமா என்ன?

நம் நாட்டு உதாரணம் சிவ கேசவன். அப்பா கேரளம், வளர்ந்தது மணாலி பக்கம். லூஜ் எனும் சறுக்குவண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே இமயமலைத் தார்ச்சாலையில் பழகினார். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

நீங்கள் ஆற்றங்கரையில் தென்னைமட்டையில் உட்கார்ந்து ஆரம்பியுங்கள். சின்ன வயசில் நானும் இறங்கினேன். டவுசர்தான் திரும்பி வரவில்லை. எதுவானாலும் ஆனி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் கல்லணையைத் திறந்துவிடுவார்கள்.